கடலடிக்குச் சென்ற வகுப்பறை

குளத்துப் பாசியைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர் மாணவர்களைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லலாம். பாறைகளைப் பற்றி நடத்துபவர் பக்கத்துக் குன்றுக்கோ கல் குவாரிக்கோ கூட்டிப் போகலாம். சற்று வசதியுள்ள பள்ளியானால் ஆண்டுக்கொரு முறை பேருந்து அமர்த்தி, ஓர் அணைக்கட்டையும் அனல் மின் நிலையத்தையும் காட்டி வரலாம். நேரில் கண்டது எளிதில் மறப்பதில்லை என்பதை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவர். ஆனால் எரிமலையின் வாயைப் பற்றியும், தென் துருவப் பனியைப் பற்றியும், ஒளியே புகாத ஆழ்கடலைப் பற்றியும் பாடம் நடத்துகிறவர் எந்தப் பேருந்தை அமர்த்துவது?

உடல் போக முடியாத இடத்துக்குக் கண்ணையும் காதையும் மட்டும் அனுப்ப முடியுமா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. இத்தகைய பயணத்தை இன்று 'மெய்நிகர் களப்பயணம்' என்று வழங்குகிறோம். பெயர் புதிது, முயற்சிக்கு வயது நூறாண்டுகளுக்கு மேல். புதிய கருவி ஒன்று வந்தபோதெல்லாம், 'இனி மாணவன் பெஞ்சில் அமர்ந்தபடியே உலகத்தைப் பார்த்துவிடுவான்' என்று யாராவது ஒருவர் முழங்கியிருக்கிறார். அவற்றுள் சில நின்றன. பல, பள்ளி அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. காரணத்தைத் தேடிப் பார்த்தால், படம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தது என்பதில் அது இல்லை. பார்க்கும் பிள்ளை ஒரு கேள்வி கேட்கவும், ஏதேனும் ஒன்றைத் தானே செய்யவும் அதில் வழி இருந்ததா என்பதைப் பொறுத்தே அது அமைந்திருக்கிறது. இந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இரண்டு படம், ஒரு காட்சி

ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், ஒவ்வொரு கண்ணும் சற்றே மாறுபட்ட காட்சியைக் காண்கிறது. மூளை இவ்விரண்டையும் இணைத்துப் பொருளின் தொலைவையும் ஆழத்தையும் உணர்கிறது.

இந்த உண்மையை 1838-இல் லண்டன் ராயல் கழகத்தின் முன் விளக்கியவர் சார்லஸ் வீட்ஸ்டன். மின்னியல் பாடத்தில் வரும் வீட்ஸ்டன் சமனச் சுற்றுக்குப் பெயர் கொடுத்தவரும் இவரே. (அச்சுற்றை முதலில் அமைத்தவர் சாமுவேல் கிறிஸ்டி என்பவர், புகழ் வீட்ஸ்டனைச் சேர்ந்துவிட்டது.) இடக் கண்ணுக்கு ஒன்றும் வலக் கண்ணுக்கு ஒன்றுமாக இரு சித்திரங்களை வரைந்து, இரு கண்ணாடிகளின் உதவியால் அவற்றை ஒன்றாகக் காணச் செய்தார். தட்டையான தாளில் வரைந்த உருவம் புடைத்து எழுந்து நின்றது! புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ மறு ஆண்டு, 1839-இல்தான். ஆகவே 'இருகண் நோக்கி' என்னும் இக்கருவி கேமிராவுக்கு முன்பே பிறந்துவிட்டது எனலாம்.

1849-இல் டேவிட் புரூஸ்டர் கண்ணாடிகளுக்குப் பதிலாக வில்லைகளைப் பொருத்திக் கருவியைச் சிறிதாக்கினார். 1851-ஆம் ஆண்டு லண்டன் பெரும் பொருட்காட்சியில் விக்டோரியா அரசி இதை மெச்சியதும் விற்பனை பெருகிற்று. பிறகு 1861-இல் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், கையில் பிடித்துப் பார்க்கத்தக்க மிக எளிய வடிவம் ஒன்றை அமைத்தார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று விட்டுவிட்டார். ஆதலால் விலை மலிந்து, நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக் கூடங்களுக்கும் பின்னர் பள்ளிகளுக்கும் அது வந்து சேர்ந்தது.

பென்சில்வேனியா மாநிலத்தில் மெட்வில் என்னும் ஊரிலிருந்த கீஸ்டோன் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே 600 இரட்டைப் படங்கள் கொண்ட பெட்டியைத் தயாரித்து விற்றது. எந்தப் பாடத்துக்கு எந்தப் படம் என்று ஆசிரியருக்கு வழிகாட்டும் அட்டவணையும் உடன் வந்தது. அண்டர்வுட் என்ற மற்றொரு நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. தன் படத் தொகுதிகளோடு நிலப்படத்தையும் நூலையும் சேர்த்துக் கொடுத்து, நீங்கள் இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள், எத்திசையைப் பார்க்கிறீர்கள் என்பதைக் கோடிட்டுக் காட்டியது. அதன் புகைப்படக்காரர்களில் ஒருவரான ஜேம்ஸ் ரிக்கல்ட்டன் முன்னாள் பள்ளி ஆசிரியர். இந்தியாவை 100 படங்களில் சுற்றிக் காட்டும் தொகுதி இவர் கைவண்ணமே.

நம் ஊர்த் திருவிழாக்களில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பயாஸ்கோப் பெட்டியை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இதன் கவர்ச்சி விளங்கும். 1939-இல் அறிமுகமாகி, உலகெங்கும் பிள்ளைகள் கையில் புழங்கிய 'வியூ மாஸ்டர்' வட்டுகளும் இதே தத்துவத்தில் அமைந்தவையே.

ஆழம் தெரிந்தது, உண்மைதான். ஆயினும் புகைப்படக்காரர் நின்ற இடத்தில்தான் பிள்ளையும் நிற்க வேண்டும். அவர் திரும்பாத பக்கம் பிள்ளையும் திரும்ப முடியாது. மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் அட்டை பதில் சொல்லாது. அசையும் படம் வந்த பிறகும் இக்குறை தீரவில்லை. பள்ளிகளில் புத்தகம் விரைவில் வழக்கொழிந்துவிடும், பத்தாண்டில் கல்வி முறையே மாறிவிடும் என்று 1913-இல் எடிசன் ஆரூடம் கூறினார். அவர் குறித்த பத்தாண்டு கடந்தும் புத்தகம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

வானிலிருந்து வந்த பாடம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இக்கனவு செயற்கைக்கோள் வடிவில் வந்தது.

நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி ஒரு முறை தன்னைத் தானே சுற்றும் நேரத்தில் தானும் ஒரு சுற்று முடிக்கிறது. ஆகவே தரையிலிருந்து பார்த்தால் அது அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். இத்தகைய மூன்று கோள்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-இலேயே எழுதியவர் ஆர்தர் கிளார்க். இவர் பின்னாளில் இலங்கையில் குடியேறினார்.

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஓராண்டுக்கு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் இந்தியாவுக்கு இரவலாகக் கிடைத்தது. விக்ரம் சாராபாய் முயன்று 1969-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் பயன் இது. அவர் 1971 டிசம்பரில் மறைந்துவிட்டதால் அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. கென்யாவுக்கு மேலே நிறுத்தப்பட்ட அக்கோளில், விண்வெளியில் குடை போல விரியும் ஒன்பது மீட்டர் அகல அலைவாங்கி இருந்தது. வானில் இருப்பது பெரிதானால் தரையில் இருப்பது சிறிதாக இருக்கலாம். ஆகவே மூன்று மீட்டர் அகலமுள்ள, கோழிக் கூண்டுக்குப் போடும் கம்பி வலை போன்ற வலையால் செய்த எளிய அலைவாங்கியே கிராமத்துக்குப் போதுமானதாயிற்று. ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தமிழ்நாடு இப்பட்டியலில் இல்லை. ஆனால் கொழும்பில் கிளார்க்கின் வீட்டில் நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர்கள் ஓர் அலைவாங்கியை நிறுவிக் கொடுத்தார்கள். முப்பதாண்டுகளுக்கு முன் தாம் எழுதியதன் பலனை அவர் தம் வீட்டிலேயே இருந்து பார்த்தார்!

நாள்தோறும் காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு என்று நான்கு மொழிக்கும் ஏறத்தாழ 22 நிமிடம் வீதம் பங்கு. அறிவியல் நிகழ்ச்சிகளும் அவற்றில் இடம்பெற்றன. விடுமுறைக் காலங்களில் இதே வழியாக ஏறத்தாழ 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி தரப்பட்டது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்து இதனை நடத்தியவர் யஷ்பால். மின்சாரமே எட்டாத சில ஊர்களில் பெட்டிகளை மின்கலத்தில் ஓட்டினார்கள். அந்நாளில் வேறெந்த நாடும் இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்து பார்த்ததில்லை.

ஆனால் இங்கும் ஒரு சுவர் இருந்தது. கிராமத்துக் கம்பி வலை வாங்க வல்லது, அனுப்ப வல்லதன்று. திரையில் கண்டதைப் பற்றி ஒரு சிறுமிக்கு ஐயம் எழுந்தால் அதை 36,000 கிலோமீட்டர் மேலே ஏற்றிவிட அவ்வூரில் கருவி கிடையாது. அருகிலிருந்த ஆசிரியர் விளக்கினால் உண்டு. இல்லையேல் ஐயம் ஐயமாகவே நிற்கும். இருவழியும் பேசத்தக்க வகுப்பறைகளுக்கென்றே நம் நாடு எடுசாட் செயற்கைக்கோளை ஏவியது 2004 செப்டம்பரில்தான். இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றுவிட்டன.

நடக்காமல் போன பாடம்

இதற்கிடையே அமெரிக்காவில் ஒரு துயர நிகழ்ச்சி. விண்வெளிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பி, அங்கிருந்து பாடம் நடத்தச் செய்வது என்று அந்நாடு முடிவு செய்தது. 11,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் விண்ணப்பித்தனர். தேர்ந்தெடுக்கப்பட்டவர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கார்டு நகரில் சமூகவியல் கற்பித்த கிறிஸ்டா மெக்காலிஃப். அவர் இரண்டு நேரடிப் பாடங்களைத் திட்டமிட்டிருந்தார். முதல் பாடத்துக்கு 'களப்பயணங்களின் உச்சம்' என்ற பொருளில் பெயரிட்டிருந்தார். ஓடத்தின் உள்ளே ஒவ்வொரு பகுதியாக நடந்து, இல்லை, மிதந்து காட்டுவதே அப்பாடம்.

1986 ஜனவரி 28 அன்று, புறப்பட்ட 73-ஆம் விநாடியில் சாலஞ்சர் ஓடம் சிதறியது. மெக்காலிஃப் உட்பட எழுவரும் மாண்டனர். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் அப்போது தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தார்கள். நேரடி ஒளிபரப்பு என்றால் என்ன என்பதை அத்தலைமுறை இவ்வாறு கற்றுக்கொள்ள நேர்ந்தது.

அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றிருந்த ஆசிரியை பார்பரா மார்கன், 2007 ஆகஸ்டில் விண்வெளிக்குச் சென்று மாணவர்களோடு பேசினார். மெக்காலிஃப் வகுத்த பாடங்களில் சிலவற்றை 2018-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இரு வீரர்கள் செய்து காட்டினார்கள். அவர்களும் முன்னாள் ஆசிரியர்களே. 2013 ஜூன் 20 அன்று சீன வீராங்கனை வாங் யாபிங், எடையற்ற நிலையில் நீர் எவ்வாறு பந்தாகத் திரள்கிறது என்று நேரடியாகக் காட்டியதை ஆறு கோடி மாணவர்கள் பார்த்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆழ்கடலுக்கு ஒரு கண்

இனி நம் கதையின் நடுப் பகுதிக்கு வருவோம். ராபர்ட் பல்லார்டு ஒரு கடலடி நிலவியல் அறிஞர். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர். 1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், கடல் தரை பிளந்து வெந்நீர் ஊற்றெடுக்கும் இடங்களைக் கண்டறிந்த குழுவில் அவரும் இருந்தார். அந்த ஊற்றுகளைச் சுற்றி உயிரினங்கள் அடர்ந்திருந்தன. சூரிய ஒளியின்றி, நீரில் கரைந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டே நுண்ணுயிர்கள் உணவு ஆக்க, அவற்றை நம்பி மற்றவை வாழ்ந்தன. உயிரியல் நூல்களில் புதிய அத்தியாயமே எழுத வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், நிலவியலாரே நிறைந்த அக்குழுவில் உயிரியல் அறிஞர் ஒருவர்கூட இல்லை!

அவர்கள் சென்றது ஆல்வின் என்னும் ஆய்வு நீர்மூழ்கியில். அதில் மூவருக்கு மட்டுமே இடம். ஓட்டுநர் ஒருவர் போக, அறிஞர்கள் இருவர். அடியாழத்துக்கு இறங்க இரண்டு மணி நேரம், ஏற இரண்டு மணி நேரம். சில மணி நேரமே அடியில் இருக்கலாம். பார்ப்பதற்குச் சிறு சன்னல்கள். உலகத்தின் பெரும்பகுதி கடலடியாக இருக்க, அதைப் பார்க்கும் வாய்ப்பு விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே கிடைத்தது. உடலை இறக்குவதை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் இறக்கினால் என்ன என்று பல்லார்டு சிந்தித்தார். ஏறத்தாழ இதே காலத்தில், 1980-இல், கணிப்பொறி அறிஞர் மார்வின் மின்ஸ்கியும் 'தொலைவிலிருந்தே உடனிருத்தல்' என்ற கருத்தை ஒரு கட்டுரையில் விளக்கினார்.

1985 செப்டம்பர் 1-ஆம் நாள், பல்லார்டின் குழுவும் பிரெஞ்சு அறிஞர் ழான் லூயி மிஷேலின் குழுவும் சேர்ந்து, 3,800 மீட்டர் ஆழத்தில் கிடந்த டைட்டானிக் கப்பலைக் கண்டுபிடித்தன. கப்பலால் இழுத்துச் செல்லப்பட்ட ஆர்கோ என்னும் கேமிரா வண்டிதான் அதை முதலில் கண்டது. மறு ஆண்டு பல்லார்டு நேரில் இறங்கிப் பார்த்தார். செய்தி பரவியதும் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து அவருக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. அடுத்த முறை போகும்போது நாங்களும் உடன் வரலாமா என்பதே அவற்றின் சாரம். ஆயிரம் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்ற முடியாது. ஆனால் கப்பல் காணும் காட்சியை அவர்கள் இருக்குமிடத்துக்கு அனுப்ப முடியுமே! இவ்வாறு 1989-இல் 'ஜேசன் திட்டம்' பிறந்தது. கிரேக்கப் புராணத்தில் ஆர்கோ என்னும் கப்பலேறிப் பொன்னிற ஆட்டுத் தோலைத் தேடிச் சென்ற வீரனின் பெயர் ஜேசன்.

காட்சி வந்த வழி

ஆழ்கடலிலிருந்து படத்தை மேலே கொண்டுவருவது எளிதன்று. காற்றில் தடையின்றிச் செல்லும் வானொலி அலைகளை உப்பு நீர் மிகக் குறுகிய தொலைவிலேயே விழுங்கிவிடுகிறது. ஒலி அலைகள் நீரில் நெடுந்தொலைவு செல்லும். ஆனால் அவற்றின் வேகம் விநாடிக்கு 1,500 மீட்டர்தான். தொலைக்காட்சிப் படம் போன்ற பெரும் செய்திச் சுமையை அவற்றால் தாங்க முடியாது. எனவே கருவிக்கும் கப்பலுக்கும் இடையே கம்பி வடம் வேண்டும்.

டைட்டானிக்கைக் கண்ட ஆர்கோவின் செம்பு வடம் கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் கொண்டுவந்தது. ஜேசன் என்றே பெயரிடப்பட்ட புதிய கருவிக்குக் கண்ணாடி இழை வடம் பொருத்தப்பட்டது. எஃகுக் கம்பிகளால் கவசமிட்ட அவ்வடத்தினுள்ளே தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழைகள் உண்டு. அவற்றின் வழியே ஒளித் துடிப்புகளாகப் பல வண்ணப் படங்களை ஒரே சமயத்தில் அனுப்பலாம். ஆளில்லாத இக்கருவி 6,000 மீட்டர் ஆழம் வரை இறங்கத்தக்கது. விளக்குகள், கேமிராக்கள், பொருள்களைப் பற்றியெடுக்க இயந்திரக் கை, நகர்வதற்குச் சுழல்விசிறிகள் ஆகியவை அதில் அமைந்திருந்தன. ஆனால் கப்பலோ அலையில் ஏறி இறங்கும். அந்த ஆட்டம் வடம் வழியே இறங்கிக் கருவியையும் ஆட்டுமல்லவா? இதற்காக மெடியா என்ற கனமான துணைக் கருவியை வடத்தின் நுனியில் தொங்கவிட்டார்கள். கப்பலின் ஆட்டத்தை மெடியா வாங்கிக்கொள்ள, அதிலிருந்து தளர்வான சிறு கயிற்றில் ஜேசன் அமைதியாக மிதக்கும். புராணத்தில் ஜேசனுக்குத் துணை நின்ற மனைவி மெடியா!

படம் கப்பலை அடைந்ததும் அடுத்த சிக்கல். உருண்டு புரளும் கப்பலின் மேல் நிற்கும் அலைவாங்கி, 36,000 கிலோமீட்டர் தொலைவில் ஒரு புள்ளி போல நிற்கும் செயற்கைக்கோளை விட்டு இம்மியும் விலகக்கூடாது. கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் அதற்கு எதிராகத் தன்னைத் திருத்திக்கொள்ளும் மேடை மீது அது பொருத்தப்பட்டது. அங்கிருந்து செயற்கைக்கோள், தரை நிலையம், பிறகு ஒவ்வொரு நகரத்து அருங்காட்சியகம். ஒளியின் வேகத்திலேயே சென்றாலும், ஒரு செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்க ஏறத்தாழக் கால் விநாடி பிடிக்கும். பிள்ளை கேட்கும் கேள்வி போய் விடை வருவதற்குள் அரை விநாடிக்கு மேல் ஆகும். பேச்சில் இது சிறு தயக்கமாகத் தோன்றுமே தவிர உரையாடலைக் கெடுக்காது.

மத்தியதரைக் கடலில்

1989 மே மாதத்தில் இரண்டு வாரம் முதல் பயணம் நடந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்துக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களில் இருளறைகள் அமைத்துப் பெருந்திரைகளை நிறுத்தினார்கள். ஒரு திரையில் ஜேசன் காணும் காட்சி. மற்றொன்றில் கப்பலின் கட்டுப்பாட்டறை. பிள்ளைகள் ஒலிவாங்கியில் கேட்க, கப்பலில் இருந்த அறிஞர்கள் பதிலளித்தனர். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இதில் கலந்துகொண்டனர்.

முதலில் இத்தாலிக்கு அருகே கடலுக்கடியில் இருக்கும் மார்சிலி எரிமலை. பிறகு துனீசியாவுக்கும் சிசிலிக்கும் இடைப்பட்ட கடலில், ஏறத்தாழ 800 மீட்டர் ஆழத்தில் கிடந்த ரோமானியக் கப்பல். கி.பி. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று கணிக்கப்பட்ட இதற்கு ஆய்வாளர்கள் ஐசிஸ் என்று பெயரிட்டார்கள். கார்த்தேஜுக்கும் ரோமுக்கும் இடையே வாணிகம் செய்த வழியில் அது மூழ்கியிருக்கிறது. தொல்லியல் அறிஞர் ஆன்னா மார்கரித் மக்கன் கப்பலில் இருந்து வழிகாட்ட, ஜேசனின் இயந்திரக் கை, எண்ணெயும் மதுவும் ஏற்றிச் செல்லும் இரு கைப்பிடி மண் சாடிகளையும் ஒரு விளக்கையும் இன்னும் பலவற்றையும் மெல்ல எடுத்து வலைக் கூடையில் வைத்தது. முத்துக் குளிப்பவர் எவரும் எட்ட முடியாத ஆழத்தில் தொல்லியல் ஆய்வு செய்யலாம் என்பது இதனால் உறுதிப்பட்டது. அதாவது பிள்ளைகள் பார்த்தது அவர்களுக்கென்று ஏற்பாடு செய்த வேடிக்கையை அன்று, நடந்துகொண்டிருந்த ஆராய்ச்சியை.

இதில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் ஒன்றுண்டு. நேரடியாகப் பார்க்கும்போது பெரும்பாலான நேரம் ஒன்றும் தென்படாது. விளக்கொளியில் வெண்துகள்கள் விழுந்துகொண்டே இருக்கும். சாம்பல் நிறச் சேறு நகர்ந்துகொண்டே இருக்கும். எடுத்து முடித்த சினிமாவில் இவற்றையெல்லாம் வெட்டிவிடுவார்கள். ஆராய்ச்சி என்பது பெரிதும் காத்திருத்தலே என்பது அப்படத்தைப் பார்க்கும் மாணவனுக்குத் தெரியவே தெரியாது. ஜேசன் பயணத்தில் அவனும் காத்திருந்தான். அடுத்து என்ன வரும் என்பது அவனைப் போலவே அறிஞருக்கும் தெரியாது.

மற்றொன்று, இது திடீரென்று காட்டிய காட்சி அன்று. பயணத்துக்குப் பல மாதம் முன்பே ஆசிரியர்களுக்குப் பாடக் குறிப்புகள் அனுப்பி, பயிற்சியும் கொடுத்தார்கள். வகுப்பில் எரிமலையையும் மிதத்தலையும் ரோமாபுரி வாணிகத்தையும் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குத்தான் கேட்பதற்குக் கேள்வி இருந்தது.

ஆண்டுதோறும் பயணம் தொடர்ந்தது. 1990-இல் ஒண்டாரியோ ஏரியில், 1813-ஆம் ஆண்டுப் புயலில் மூழ்கிய இரண்டு போர்க் கப்பல்கள். 1991-இல் கலாபகஸ். 1993-இல் மெக்சிகோவை ஒட்டிய கலிபோர்னியா வளைகுடாவில் வெந்நீர் ஊற்றுகள். பின்னர் பெலீசு நாட்டு மழைக்காடு, ஹவாய் எரிமலைகள், ஐஸ்லாந்து என்று கடலை விட்டு நிலத்துக்கும் ஏறியது. சில மாணவர்களும் ஆசிரியர்களும் குழுவோடு நேரில் சென்றார்கள்; அவர்களுக்கு 'ஆர்கோநாட்' என்று பெயர். கரையிலிருந்த மாணவர்கள் சிலருக்கோ இன்னும் பெரிய வாய்ப்பு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து விசையைப் பிடித்துக் கடலடிக் கருவியை அவர்களே ஓட்டினார்கள்! கட்டளை போகக் கால் விநாடி, அதன் விளைவைப் படமாகக் காணக் கால் விநாடி. ஆகவே சிறிது நகர்த்தி, நிறுத்தி, பார்த்து, மறுபடி நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் கருவி பாறையில் முட்டும். செவ்வாய்க் கோளில் ஊர்தி ஓட்டுவோருக்கு இத்தாமதம் பல நிமிடங்கள் ஆகும் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

அட்டைப் பெட்டிக்குத் திரும்பிய கதை

இணையம் பரவிய பிறகு இப்பயணங்களுக்குச் செலவு குறைந்தது. ஆனால் எல்லாம் மேம்பட்டுவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

நல்ல எடுத்துக்காட்டு ஃபாக்ஸ் தொலைநோக்கிகள். ஹவாயில் ஒன்றும் ஆஸ்திரேலியாவில் ஒன்றுமாக, இரண்டு மீட்டர் கண்ணாடி கொண்ட இரு பெரும் தொலைநோக்கிகளை 2004 முதல் பிரிட்டிஷ் பள்ளி மாணவர்கள் இணையம் வழியே இயக்கி வந்தார்கள். பிரிட்டனில் பள்ளி நடக்கும் நேரம் ஹவாயில் இரவு. மாணவர் பகலில் வகுப்பில் அமர்ந்தபடி, தாங்கள் தேர்ந்த விண்மீனைத் தாங்களே நோக்கிப் படமெடுத்தார்கள்.

மறுபுறம், 2014-இல் கூகுள் நிறுவனம் மடித்த அட்டையில் இரு வில்லைகள் பொருத்தி, நடுவே கைபேசியைச் செருகிப் பார்க்கும் பெட்டியை வெளியிட்டது. 2015-இல் அதைக் கொண்டு பள்ளிகளுக்கான பயணத் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. வில்லை இரண்டு, படம் இரண்டு, ஆழம் ஒன்று. வேறென்ன, புரூஸ்டரின் பெட்டியேதான்! தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும் என்பது மட்டும் புதிது. அது சிறிய முன்னேற்றமன்று. மலைக்குப் பக்கத்தில் என்ன என்று பார்க்கலாம். ஆனால் பதில் சொல்ல அந்தப் பக்கம் யாரும் இல்லை. 2021 ஜூன் 30-உடன் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. காட்சிகள் சில வேறிடத்துக்கு மாற்றப்பட்டாலும், வகுப்பை ஆசிரியர் நடத்திச் செல்லும் செயலி போய்விட்டது. கீஸ்டோன் அட்டைகள் பழம்பொருள் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. கருவியில் செருகினால் இன்றும் ஆழம் தெரியும். நிறுவனம் ஒன்றின் கணிப்பொறியில் மட்டுமே இருக்கும் பயணத்துக்கு இந்த ஆயுள் கிடையாது.

2020-இல் பெருந்தொற்று வந்து உலகெங்கும் பள்ளிகள் மூடியபோது இக்கேள்விகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்தன. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, கைபேசி இல்லாத வீடுகளுக்கும் பாடத்தைக் கொண்டு சேர்த்தது. அது பெரிய உதவி. ஆயினும் 1975-இன் கம்பி வலையைப் போலவே அதுவும் ஒருவழிப் பாதை. கேள்வி கேட்க வேண்டுமானால் கைபேசியும் இணையமும் வேண்டும்; அவை இருந்த வீடும் இல்லாத வீடும் ஒரே தெருவில் இருந்தன.

பல்லார்டு 2008-இல் தொடங்கிய அறக்கட்டளையின் நாட்டிலஸ் கப்பல், தன் ஆழ்கடல் கருவிகள் காணும் காட்சியை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்புகிறது. பார்ப்பவர் யாராயினும் கேள்வியை எழுதி அனுப்பலாம். கட்டுப்பாட்டறையில் இருப்பவர்கள் பலவற்றுக்கு உடனே விடை சொல்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை, சீட்டு வாங்க வேண்டியதில்லை. பேசும் மொழி ஆங்கிலம் என்பது நம் மாணவருக்கு ஒரு தடையே.

ஜேசனைப் போல 6,000 மீட்டர் ஆழத்துக்கென அமைக்கப்பட்ட ஆளில்லாக் கருவி ஒன்று நம்மிடமும் உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'ரோசப்' அது. 2010-இல் இந்துமாக் கடலின் நடுப் பகுதியில் 5,000 மீட்டருக்கும் கீழே அதை இறக்கிச் சோதித்தார்கள். கடலடிச் சேற்றின் படம் கண்ணாடி இழை வடம் வழியே கப்பலின் கட்டுப்பாட்டறைக்கு வந்தது. அங்கிருந்து ஒரு பள்ளியின் திரைக்கு வர இன்னும் வேண்டியவை ஒரு செயற்கைக்கோள் தாவலும், பிள்ளையின் கேள்வியைக் கேட்டுத் தமிழில் பதில் சொல்ல அந்த அறையில் ஓர் ஆளும்.